ஏரிக்கரைச் சரளை

நாற்பத்தேழு வயது மனிதன் ஒருவன் விடியற்காலையில் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிள் விடப் புறப்பட்டால், வீட்டில் இருப்பவர்கள் இரண்டு காரணங்களில் ஒன்றைத்தான் நினைப்பார்கள். டாக்டர் ஏதோ பயமுறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூளை சற்றுப் பிசகியிருக்க வேண்டும். என் மனைவி எதை நினைத்தாளோ, நான் விசாரிக்கவில்லை. ஃபிளாஸ்கில் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "விழறதா இருந்தா மண்ணிலே விழுங்க. தார் ரோட்டிலே வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வம்பில் என்னை இழுத்துவிட்டவர் எங்கள் மாடியில் குடியிருக்கும் வாலிபர். ஒரகடத்தில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் பொறியாளர். கம்பெனி காரியமாக ஒருமுறை இத்தாலிக்குப் போய் வந்தவர். போன இடத்தில், கியாந்தி என்ற மலைப் பிரதேசத்தில் இரண்டு நாள் சைக்கிள் விட்டாராம். மேடும் பள்ளமுமாகக் குன்றுகள். குன்றுகளின் சரிவெல்லாம் திராட்சைக் கொடி. குன்றின் உச்சியில் கல்லால் கட்டிய பழைய கிராமங்கள். அவற்றை இணைக்கும் வெள்ளைச் சரளைப் பாதைகள். அந்தப் பாதைகளை எல்லாம் தார் விழுங்கிவிடப் போகிறதே என்று கவலைப்பட்டவர்கள் 1997-ஆம் வருஷம் கயோலே என்ற ஊரில் கூடி, பழைய சைக்கிள்களில் ஏறிச் சரளையிலேயே ஒரு ஊர்வலம் போனார்கள். முதல் வருஷம் நூறு பேர்கூடத் தேறவில்லை. பிறகோ உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டார்கள்.

"நம்ம பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையே, சார்" என்று பெருமூச்சு விட்டார் வாலிபர்.

"திராட்சையும் மலையும் வேண்டுமென்றால் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஆனால் சரளை வேண்டுமென்றால் எங்கும் போக வேண்டாம். நாம் குடியிருக்கிற பல்லாவரத்தில் இல்லாத சரளையா?" என்றேன்.

வாய்ச் சவடாலுக்குச் சொல்லவில்லை. 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற மண்ணியல் ஆராய்ச்சியாளர், ஆதி மனிதன் செதுக்கிய கற்கோடரியைப் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில்தான் கண்டெடுத்தார். இந்தச் சிவந்த சரளையின்மேல் மனிதன் நடக்க ஆரம்பித்து எத்தனையோ யுகம் ஆகிவிட்டது.

இந்த வரலாற்று ஞானத்தின் பலன், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் சைக்கிள் ஏற வேண்டியதாயிற்று. தை மாதம். வாலிபர் தம்முடைய இரண்டு சைக்கிள்களையும் காரின் பின்னால் கட்டி ஒரகடத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். 'கிராவல் பைக்' என்று அதற்குப் பெயர். பந்தய சைக்கிளைப் போல் வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் தடிமன், ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாது. காற்றையும் கொஞ்சம் குறைத்தே அடிக்கிறார்கள். அப்போதுதான் டயர் கல்லைக் கண்டு துள்ளாமல், அமுங்கிக் கொடுத்து ஏறி இறங்குமாம். மனிதர்களிலும் இந்த ஜாதி உண்டு. அவர்கள்தான் நெடுந்தூரம் போகிறார்கள்.

ஒரகடம் நாற்சந்தியில் அந்த நேரத்தில் இரவு ஷிப்ட் முடிந்த பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு ஜன்னல் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹுண்டாய் கார் வெளிவந்த பிறகு இந்தச் சீமை மாறிய வேகத்தைச் சொல்லி முடியாது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸ்ஸான், 2012-இல் டெய்ம்லர் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைக்குமேல் ஆலை வந்தது. ஆறு பாட்டைச் சாலையில் நின்று பார்த்தால் மதில், அதற்கப்பால் மதில், அதற்கும் அப்பால் தகரக் கூரை.

ஆனால் வல்லக்கோட்டை முருகனை வாசலில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு, சாலையை விட்டு ஒரு பர்லாங்கு விலகினோம். உலகமே வேறாகிவிட்டது. சிவப்புச் சரளை. இரண்டு பக்கமும் பனை. இடது கைப்பக்கம் ததும்ப ததும்ப ஏரித் தண்ணீர். வலது கைப்பக்கம், நாலு ஆள் பள்ளத்தில், மிச்சமிருக்கும் கழனி.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்பார்கள். சமபூமியில், மழைநீரை மடக்கி நிறுத்த மண்ணை வாரிக் கொட்டி எழுப்பிய கரைகள்தாம் இங்கே குன்றுகள். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் வழிந்தால் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். அதுவும் தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் இருந்தவர்களைக் கேட்க வேண்டும்.

கரை பழுதாகாமல் பார்க்க அந்தக் காலத்தில் தனியாக ஒரு சபையே இருந்தது. இங்கிருந்து தெற்கே உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருஷக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி வாரியத்துக்குக் குடவோலை போட்டு ஆள் எடுக்கும் விதியை அவை சொல்கின்றன. அதில் ஒரு ஷரத்து எனக்கு எப்போதும் பிடிக்கும். முன்னே பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவனுடைய உறவினரும் நிற்கக் கூடாது.

இதை வாலிபருக்கு விஸ்தாரமாக விளக்கிக்கொண்டே மிதித்தேன். ஒரு வளைவு திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த மதகு ஒன்று எதிரே வந்துவிட்டது.

வாசகர்களிடம் ஒரு விஷயத்தை இதுவரை மறைத்துவிட்டேன். அந்த மதகின் பாய்ச்சலில் எங்களுக்கு ஒரு காணி நிலம் இருந்தது. அப்பா காலமான பிறகு, 2006-இல் அதை விற்றேன். பல்லாவரத்து வீடு அந்தப் பணத்தில் வாங்கியதுதான். விற்றதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாரும் விற்றார்கள். ஆனால் அதை இருபது வருஷமாக வாரத்துக்குப் பயிரிட்டு வந்த மனிதரிடம் நான் சொல்லவில்லை. நேரில் சொல்லக் கூச்சம். பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அதன் பின் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை காரில் போயிருக்கிறேன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

சைக்கிளில் ஏற்றுவதற்குக் கண்ணாடி இல்லை. மதகுக் கட்டைமேல் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாடுகள் கரைச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன. தலை முழுக்க வெளுத்துப் போயிருந்தது.

"யாரு, தம்பியா? இன்னா தம்பி, இம்மாம் மெலிஞ்சிட்டீங்க!" என்று எழுந்தார்.

நான் மெலியவில்லை என்பது ஊரறிந்த விஷயம். என்னைக் கண்டால் அப்படிச் சொல்வது அவருடைய பழைய வழக்கம்.

"மாமா, சௌக்கியமா?" என்றேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன்.

"நல்லா கீறேன் தம்பி. பேத்தி கம்பெனிக்குப் போவுது. இப்பத்தான் பஸ்ஸுல வந்து எறங்கிப் படுத்துச்சு. வூட்ட ஒட்டு மாத்திட்டோம். ஒண்ணும் கொறையில்ல."

கரைக்குக் கீழே பார்த்தேன். எங்கள் காணி இருந்த இடத்தில், கம்பி வேலிக்குள், விற்பனைக்குப் போகக் காத்திருக்கும் புதுக் கார்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. எது எங்கள் வரப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் என் பார்வையைத் தொடர்ந்து கையை நீட்டி, "அந்தச் செவப்பு வண்டி நிக்குதே, அங்கதான் கெணறு" என்றார்.

"உங்களிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், மாமா" என்றேன். பதினெட்டு வருஷத்துக்குமேல் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம். வெளியே வந்தபோது அது மிகவும் சிறிதாக இருந்தது.

அவர் சிறிது நேரம் மாட்டைப் பார்த்தார்.

"நெலம் உங்க நெலம். வித்தீங்க. அது இல்ல தம்பி. கார்த்திகையில ரிஜிஸ்டர் ஆச்சாமே. எனக்குத் தெரியாது. மார்கழியில நவரைக்கு நாத்து வுட்டேன். தையில கல்லு நட ஆளு வந்தாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெதைநெல்லயாவது மிச்சம் பண்ணியிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. வரவு செலவு சொல்கிறவரைப் போலச் சொன்னார். நாற்று எத்தனை உயரம் வளர்ந்திருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். வாலிபர் ஒன்றும் புரியாமல், புரிந்துகொண்டவரைப் போல ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புறப்பட்டபோது அவர் சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"காத்து கம்மியா கீதே?"

"அப்படித்தான் அடிக்கணுமாம், மாமா."

"அப்பிடியா?" என்று வியந்துவிட்டு, "பெரும்புதூருக்குத்தான? கலங்கலாண்ட கரை அறுத்துக்கிச்சு தம்பி, போன மழையில. ஏறி வுடாதீங்க. எறங்கித் தள்ளிகினு போங்க" என்றார்.

ராமானுஜர் அவதரித்த ஊருக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்கு எதிரே இட்லி சாப்பிட்டோம். வாலிபர், "பிரமாதமான பாதை சார், மறுபடி ஒரு தடவை வரலாம்" என்றார். வரலாம் என்றுதான் சொன்னேன்.

கலங்கல் வந்தபோது அவர் சொன்னபடியே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன்.