கராக்கோய் துறையில் ஒரு மேசை

தாள் கப்பலுடையது. மறுநாளின் நிகழ்ச்சிகளை அச்சடித்து இரவே அறைக்குக் கொண்டுவந்து வைப்பார்களே, அந்தத் தாள். காலை உணவு எத்தனை மணிக்கு, எந்தத் தளத்தில் இசை, கரையிறங்கினால் எப்போது திரும்பியாக வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். கடைசி நாளுக்கான தாளைத் திருப்பிப்போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் மகள் பென்சிலால் கோடிழுத்து மூன்று கட்டங்கள் போட்டாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். புதன் மதியம் விமானம். அதை மட்டும் ஓரத்தில் எழுதி வட்டமிட்டாள்.

எனக்கு அடுத்த மேசை. இஸ்தான்புல்லின் பொற்கொம்புக் கழி போஸ்பரஸ் நீரிணையைத் தொடும் இடத்தில் இருக்கிறது கராக்கோய் ஃபெரித் துறை. அதை ஒட்டிய தேநீர்க்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். கழுத்தில் கப்பல் அறையின் அட்டை இன்னும் தொங்கியது. இனி அது எந்தக் கதவையும் திறக்காது. மகளுக்கு நாற்பது இருக்கலாம். எழுதும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு.

"எத்தனை மணிக்குத் திரும்பணும்?" என்று கேட்டார் அவர்.

"எங்கேப்பா?"

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

கப்பல் செய்கிற வேலை அது. மனிதர்களின் மணிகளை மென்மையாக வாங்கி வைத்துக்கொள்கிறது. கடைசி இரவு பெட்டியில் வண்ணச்சீட்டு கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்கிறது. விடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்கிறது. கரையில் கால் வைத்ததும், அதுவரை அது வைத்திருந்த மணிகளையெல்லாம் மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுகிறது. முழு நாட்கள். அவற்றை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் பலர் அங்கேயே நிற்கும் சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். இவர்கள் ஏறவில்லை. பெட்டிகளைப் பின்தெரு விடுதியில் போட்டுவிட்டு, மதியம் அறை கிடைக்கும்வரை என்ன செய்வது என்பதிலிருந்தே தொடங்கியிருந்தார்கள். அதனால்தான் என் தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இறங்கி வந்த கப்பல் சற்றுத் தள்ளி நின்றது. மேல்தளங்கள் மட்டும் கட்டடங்களுக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தன. 2021-இல் திறந்த கலாத்தா துறைமுகத்தில் பயணிகள் முனையமே தரைக்கு அடியில்தான் இருக்கிறது. கப்பல் நிற்கும் நேரத்தில் மட்டும் நடைபாதையிலிருந்து பெரிய மூடிகள் எழுந்து நின்று கரையைத் தடுக்கும். கப்பல் போனதும் அவை படுத்துக்கொள்ள, 1.2 கிலோமீட்டர் கடலோரம் மறுபடி ஊர்க்காரர்களின் கைக்கு வந்துவிடும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

விடுதியைத் தேர்ந்தவள் மகள் என்பது பேச்சில் தெரிந்தது. மேலே கலாத்தா கோபுரத்தின் அருகே, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் அறை கிடைத்ததாம். ஏற்றத்தைப் பார்த்து விட்டுவிட்டாளாம். "உங்க முட்டி அந்த மேட்டை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறாதுப்பா."

"அடியிலே ரயில் இருக்குன்னு சொன்னியே?"

இருக்கிறது. 1875-இல் ஓடத் தொடங்கிய துனெல் இந்தத் தெருவிலிருந்துதான் மேலே இழுத்துப் போகிறது. லண்டனுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய சுரங்க ரயில். ஆனால் அது விடுகிற இடத்திலிருந்து கோபுரத்துக்குக் கல் பாவிய சரிவில் இறங்க வேண்டும். இதையெல்லாம் அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். தெரு தெருவாக யோசிக்கிறவள். ஏழு குன்றுகளின் மேல் கட்டிய ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தட்டையான வரைபடத்தை வைத்துக்கொண்டு திட்டம் போடுவார்கள். இவள் முழங்காலை வைத்துத் திட்டம் போட்டாள்.

அப்பா கட்டங்களைக் காட்டினார். "கிராண்ட் பஜாரை இன்னைக்கே முடிச்சிடலாம்."

அவள் கைபேசியில் பார்த்தாள். "ஞாயிறு லீவு."

"அப்போ நாளைக்கு."

திங்கள் கட்டத்தில் பஜார் ஏறியது. செவ்வாய் கட்டத்தில், கொட்டை எழுத்தில், தோப்கபி அரண்மனை.

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தோப்கபி திறக்காது. உஸ்மானிய சுல்தான்கள் நானூறு ஆண்டு வாழ்ந்த அந்த மாளிகையின் வாசலில், செவ்வாய் காலை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை போதும். ஆனால் இரண்டு பேர் தலைசாய்த்துத் திட்டம் போடும் மேசைக்குள் மூன்றாவது குரல் நுழைந்தால் அது அவர்கள் திட்டமாக இருக்காது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று கோப்பையை எடுத்துக்கொண்டேன்.

தேநீர் கொண்டுவரும் பையன் காலிக் கோப்பைகளை எடுக்க வந்தான். இருபது வயது இருக்கும். தட்டைத் தூக்கியவன் தாளைப் பார்த்தான். மகளிடம், அக்கா என்று அழைக்கிற உரிமையோடு, "அப்லா, செவ்வாய் தோப்கபி பூட்டு" என்றான். அடுத்து, தானே திங்கள் கட்டத்தில் விரல் வைத்து, "இங்கே போடுங்க. காலையிலே சீக்கிரம்." பிறகு பெரியவரைப் பார்த்து, "தேநீர், அம்ஜா?" என்று பெரியப்பா முறை வைத்துக் கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அதைச் சொல்வதில் ஒரு தயக்கமும் இல்லை. ஊர் அவனுடையது.

மகள் அழித்து எழுதினாள். திங்கள் தோப்கபி, செவ்வாய் பஜார். "அப்போ டோல்மாபாச்சே? திங்கள் சாயங்காலம்?" என்றார் அப்பா. அவள் மறுபடி கைபேசியில் தேடினாள். இம்முறை சிரித்துவிட்டாள். டோல்மாபாச்சே அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிறு பஜார், திங்கள் இந்த அரண்மனை, செவ்வாய் அந்த அரண்மனை. கையில் இருக்கிற மூன்று நாளுக்கும் ஊர் ஒவ்வொரு கதவைச் சாத்தி வைத்திருந்தது. ஐந்து வேளைத் தொழுகையின்போது பெரிய மசூதிகளில் பார்வையாளர்களை நிறுத்திவைப்பார்கள். வெள்ளிக்கிழமைக் கணக்கு வேறு. பழைய நகரத்துக்கென்று ஒரு நாட்குறிப்பு உண்டு. வருகிறவர் தன் நாட்களை அதற்குள்தான் பொருத்திக்கொள்ள வேண்டும். மகளுக்கு அது இந்த நிமிடத்தில் பிடிபட்டது என்று நினைக்கிறேன். அதன்பின் அவள் பென்சில் போன விதமே மாறியது. இடங்களை விட்டுவிட்டுப் பகுதிகளை எழுதத் தொடங்கினாள்.

திங்கள், சுல்தான்அகமது. டிராமில் போய், குல்ஹானேயில் இறங்காமல் சுல்தான்அகமதுவிலேயே இறங்க வேண்டும். அப்போது மேடு டிராமோடு போய்விடும், அரண்மனைக்குப் போகும் வழி ஏறக்குறைய சமதளம். கதவு திறக்கும் நேரத்துக்குத் தோப்கபி. மதிய உணவு. ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. "எதுவும் இல்லை" என்றே எழுதினாள், அடிக்கோடும் போட்டாள். பிறகு பிற்பகல் சாயும்போது அயா சோபியா. 537-இல் ஜஸ்டினியன் எழுப்பிய தேவாலயம் 1453-இல் மசூதியாகி, 1935-இல் அருங்காட்சியகமாகி, 2020-இல் மறுபடி மசூதியாகியிருக்கிறது. கீழ்த்தளம் தொழுகிறவர்களுக்கு. சுற்றுலாப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணத்தில் மேல்மாடம். பகல் முழுக்க அந்தச் சதுக்கத்தில் கப்பல் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். வழிகாட்டியின் கையில் எண் எழுதிய பலகை, எல்லோர் கண்ணும் கடிகாரத்தில். அந்தக் கூட்டத்தில் இருக்கிறவர்களுக்கு மாலையில் அங்கே நிற்கக் கொடுப்பினை இல்லை. இவர்களுக்கு இருக்கிறது. இரவு இந்த ஊரிலேயே தங்குகிறவருக்கு மட்டும் கிடைக்கும் சொத்து அது. கிடைத்தும் அதைப் பகல் நெரிசலில் செலவழித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

செவ்வாய் கட்டத்தில் பஜாருக்குக் கீழே சுலைமானியே மசூதி. கட்டடக்கலைஞர் சினான் கட்டியது, 1557-இல் முடிந்தது. எதிரே வரிசையாக வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் போடும் கடைகள். அங்கிருந்து சரிவில் இறங்கினால் ருஸ்தம் பாஷா மசூதி, கடைகளுக்கு மேலே மாடியில், உள்ளே சுவரெல்லாம் இஸ்னிக் ஓடுகள். அப்படியே எமினோனு, பாலம், கராக்கோய்.

"எல்லாம் இறக்கம்தான்ப்பா. ஏறவே வேண்டாம்."

"எனக்கு இறங்கும்போதுதான் வலிக்குது."

அவள் பென்சிலை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். முதல் தடவையாக இதைக் கேட்கிறாள் போலும். முழங்கால் வலிக்காரர்களைக் கேட்டால் தெரியும், ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம்தான் மூட்டை வாங்கும். அவள் இறக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டினாள். பீன்ஸ் கடையில் உட்கார்ந்து சாப்பாடு. சுல்தான் சுலைமானும் அவர் மனைவி ஹுர்ரெமும் அடங்கியிருக்கும் மசூதியின் பின்தோட்டத்தில் ஓய்வு. சரிவு மட்டும் டாக்ஸி.

கட்டத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஏதோ எழுதினாள். பார்த்தாள். அழித்தாள். அழித்த தடத்தின் மேல் அப்பாவின் விரல் வந்தது.

"இது என்ன?"

"காரியே. ஒரு சின்ன பழைய தேவாலயம், இப்போ மசூதி. கோட்டை மதில் பக்கம். தூரம். விடுங்க."

"அங்கே என்ன இருக்கு?"

அவள் சொன்னாள். முதலில் தயங்கி, பிறகு வேகமாக. பதினாலாம் நூற்றாண்டு மொசைக்குகள். பக்கத்துச் சிற்றாலயத்தின் அரைவட்டக் கூரையில் ஒரு சுவரோவியம். வெள்ளை உடையில் கிறிஸ்து கால்களை அகட்டி நின்று, ஆதாமை ஒரு கையாலும் ஏவாளை மறு கையாலும் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லறையிலிருந்து இழுத்தெடுக்கிறார். கல்லூரியில் படிக்கும்போது புத்தகத்தில் பார்த்தாளாம். அன்றிலிருந்து நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்ததாம். சொல்லும்போது அவள் கைகள் இரண்டும் தானாகவே அந்த இழுப்பைச் செய்து காட்டின. நான் அந்தக் கூரையின் கீழ் நின்றிருக்கிறேன். அவள் கைகள் சரியாகவே செய்தன.

அப்பா பென்சிலை வாங்கினார். காலையில் முதன்முதலாகத் தான் கேட்ட கிராண்ட் பஜாரை ஒரே கோடாக அடித்தார். அதன் இடத்தில், வரி மேலேறிப் போகும் கையெழுத்தில், காரியே என்று எழுதினார்.

"அப்பா, நீங்க பஜார் பார்க்கணும்னு..."

"நான் எதுவும் வாங்கப் போறதில்லை. காலையிலே மதில் பக்கம் போயிட்டு, அங்கேயிருந்து டாக்ஸியிலே பீன்ஸ் கடைக்கு. சரியா வருதா?"

சரியாக வந்தது. காரியே இருக்கும் எடிர்னேகாபியிலிருந்து சுலைமானியே, மதிலில் தொடங்கிக் கழியை நோக்கி ஒரே போக்கு. முதலில் போட்டதைவிட நல்ல நாள்.

ஞாயிறு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. டோல்மாபாச்சே இன்று திறந்திருக்கும், அதைச் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிக்கோய் ஃபெரி வந்து கட்டிக்கொண்டிருந்தது. சனம் பலகையில் தடதடவென்று இறங்கியது. காய்கறிப் பை, குழந்தை வண்டி, கிட்டார் உறை.

"அது எங்கே போகுது?"

"ஆசியாவுக்கு. இருபது நிமிஷம், கொஞ்சம் கூட ஆகலாம்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். காசை மேசையில் வைத்துவிட்டு இருவரும் எழுந்தார்கள். இயந்திரத்தில் இஸ்தான்புல் அட்டை வாங்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. பின்னால் நின்ற பெண்மணி ஒருவர் எந்தப் பொத்தான் என்று காட்டிக்கொடுத்தார். அப்பா அட்டையைத் தட்டித் தடுப்பைத் தாண்டினார். கழுத்திலிருந்த கப்பல் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே பலகையில் ஏறினார்.

படகில் வலப்பக்கம் உட்காருங்கள் என்று சொல்லத் தோன்றியது. கழிமுகத்தைத் தாண்டியதும் அந்தப் பக்கம்தான் தோப்கபியின் புகைபோக்கிகளும் அயா சோபியாவும் ஆறு மினார்களுடன் நீல மசூதியும் ஒவ்வொன்றாக வரும். அவர்கள் வெளிப் பெஞ்சில் இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து முதலில் தெரிவது அவர்கள் விட்டு வந்த கப்பல்தான். திரும்பும்போதும் அதே இடப்பக்கம் உட்கார்ந்தால் பழைய நகரம் முழுதும் அவர்களுக்குக் கிடைக்கும்.