அம்மா தொட்டதால் அல்ல!

புது லேப்டாப் வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நான்காம் நாள் காலையில் திரையில் இருந்த அம்பு நகரவில்லை. கீபோர்டுக்குக் கீழே உள்ள டச்பேடை மகள் தடவிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். அசைவே இல்லை.

ஆலங்குடியில் பலாப்பழ சீசன் முடியும் நேரம் அது. வடகாடு, கீரமங்கலம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வரும் பழங்களை வாங்கி, சுளை எடுத்து விற்பது அம்மாவின் தொழில். அந்த வருமானத்தில் கட்டிய சீட்டை எடுத்துத்தான் லேப்டாப் வாங்கினார். பொறியியல் கலந்தாய்வில் மகளுடைய சுற்றுக்கு, கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய அன்று மாலை வரைதான் அவகாசம். போனிலும் செய்யலாம்தான். ஆனால், அந்தச் சின்னத் திரையில் அறுபது கல்லூரிகளை மேலும் கீழும் மாற்றும்போது விரல் ஒருமுறை தவறினால், வேறு ஊர், வேறு படிப்பு என்றாகிவிடும்.

அம்மா வாசலிலேயே நின்றார். ``நேத்து ராத்திரி நான்தான் தொட்டேன். கையில எண்ணெய் இருந்துச்சு. என்னாலதான் போச்சோ?''

பலாவின் பால் ஒட்டாமல் இருக்க கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வது வழக்கம். முந்தைய இரவு அந்தக் கையோடு ஆசையாகத் தடவிப் பார்த்திருந்தார். மகள் பதில் சொல்லவில்லை. ``இல்லம்மா'' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்; அவளுக்கும் சந்தேகம் இருந்தது.

இரண்டு முறை ஆஃப் செய்து ஆன் செய்தும் பலனில்லை. பெரியம்மா மகனுக்கு போன் போட்டாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோதே ஒன்று கிடைக்கப் பெற்றவர். அன்று பேப்பர் வாங்க 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார்.

``அம்பு தாறுமாறா ஓடுதா, அசையாமலே நிக்குதா?'' என்றுதான் முதலில் கேட்டார்.

``அசையவே இல்லைண்ணே.''

``அப்போ எண்ணெய் காரணமா இருக்காது பாப்பா. டச்பேடுக்கு அடியில மெல்லிசா கம்பிவலை மாதிரி ஒண்ணு இருக்கும். விரல் பக்கத்துல வந்தா அதுல இருக்கிற மின்புலம் மாறும். அதை வெச்சுத்தான் விரல் எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கும். கை ஈரமா இருந்தா அது குழம்பும், அம்பு துள்ளும். சுத்தமா நின்னுபோச்சுன்னா, பெரும்பாலும் யாரோ அதை அணைச்சு வெச்சிருப்பாங்க. மேல் வரிசையில, சின்னக் கட்டத்து மேல கோடு கிழிச்ச மாதிரி படம் போட்ட பட்டன் இருக்கா?''

``எஃப்-6ல இருக்கு.''

``அதை ஒருமுறை அழுத்து. கேக்கலைன்னா எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்து. அதுக்கும் வரலைன்னா பயப்படாதே. விண்டோஸ் கீயையும் ஐ-யையும் சேர்த்து அழுத்தினா செட்டிங்ஸ் திறக்கும். டேப் கீ, அம்புக்குறி கீ வெச்சே டச்பேடு பக்கத்துக்குப் போயி, ஆன்ல இருக்கான்னு பாரு. மவுஸ் சொருகினா டச்பேடு தானா அணைஞ்சிடுற மாதிரியும் அங்க ஒரு வசதி இருக்கும். எதுவும் சரிப்படலைன்னா என் கடையில இருக்கிற யுஎஸ்பி மவுஸைச் சொருகி இன்னைக்கு வேலையை முடி. வாரன்டி இருக்கு, நாளைக்கு வாங்கின கடைக்குக் கொண்டு போகலாம். ஸ்குரூவை மட்டும் கழட்டிடாதே.''

மவுஸ் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே இல்லை என்று நமக்குத் தோன்றும். டக்ளஸ் எங்கல்பர்ட் சான்பிரான்சிஸ்கோ மேடையில் மவுஸை உலகுக்குக் காட்டியதே 1968 டிசம்பரில்தான். அதற்கு முன்பும் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அவளுக்கு அத்தனை தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எஃப்-6ஐ அழுத்தியதும் திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு வந்து மறைந்தது. விரலை வைத்தாள். அம்பு ஓடியது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நேற்றிரவு அம்மா தொட்டுவிட்டுப் போனதும், எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து எரிச்சலோடு துணியை எடுத்து அழுத்தி அழுத்தித் துடைத்தது அவள்தான். லேப்டாப் ஆனில் இருந்தபோதே. மேல் வரிசை பட்டன்கள் வரை.

``அம்மா, நீ தொட்டதால இல்ல. நான்தான் துடைக்கிறப்போ அணைச்சிட்டேன்.''

``நெசமாவா?'' என்று கேட்டார் அம்மா. அந்தக் காலையில் அதுவரை அவர் வீட்டுக்குள் வரவே இல்லை.

பிற்பகலுக்குள் அறுபது கல்லூரிகளும் வரிசையில் நின்றன. சேமிக்கும் இடத்தில் அம்பைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மகள் நகர்ந்துகொண்டாள். ``நீ அழுத்தும்மா.''

அம்மா சோப்பு போட்டுக் கை கழுவி, முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வந்து, ஒரே ஒரு முறை அழுத்தினார்.

அன்றிரவு டச்பேடை மகள் மறுபடி துடைத்தாள். இந்த முறை லேப்டாப்பை முழுதாக அணைத்துவிட்டு, காய்ந்த துணியால், மெதுவாக.