நொச்சி சூடிய ஒருவர்

தொல்காப்பியர் நொச்சியைத் தனித் திணையாக வைக்கவில்லை. மதிலை வளைப்பவனுக்குத்தான் உழிஞை என்று ஒரு திணை. உள்ளே நின்று மதிலைக் காப்பவன் அந்த உழிஞைக்குள்ளேயே அடங்கிவிடுகிறான். காப்பவனுக்கென்று ஒரு பூவும் ஒரு திணையும் தனியே கிடைக்கப் புறப்பொருள் வெண்பாமாலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். மாணவர்களும் வினாவிடைக் குறிப்பாக எழுதிக்கொள்கிறார்கள். 2017 ஆகஸ்டில் மெல்பர்ன் நகரத்து விளையாட்டரங்கு ஒன்றில் அமர்ந்திருந்தபோது இந்த இலக்கணக் குறிப்பு நினைவுக்கு வந்து, அன்று முழுவதும் என்னைவிட்டுப் போகவே இல்லை.

தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர்கள் வீடு நகரின் மேற்கே, சன்ஷைன் என்ற புறநகரில். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அம்மாவும் மாப்பிள்ளையும் அலைந்துகொண்டிருக்க, பதினோரு வயது மருமகனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. உண்மையில் அவன்தான் என்னைப் பார்த்துக்கொண்டான். "மாமா, பாப் மர்ஃபி யாருன்னு தெரியாம இங்க அஞ்சு வாரம் இருக்க முடியாது" என்று சொல்லி, பாடம் நடத்தத் தொடங்கினான்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை முதலில் பார்ப்பவருக்கு அது விளையாட்டாகத் தெரியாது, கலவரமாகத் தெரியும். நீள்வட்டத் திடலில் அணிக்குப் பதினெட்டுப் பேர். இரு முனையிலும் நந்நான்கு கம்பங்கள். நடு இரண்டின் இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் ஒன்று. பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். இதில் முன்வரிசைக்காரனுக்கு எண்ணிக்கை உண்டு. இத்தனை கோல் என்று மறுநாள் செய்தித்தாளில் அவன் பெயருக்கு எதிரே அச்சாகும். பின்வரிசைக்காரன் செய்வது பெரும்பாலும் ஒன்றை நடக்கவிடாமல் செய்வது. உயரப் பறந்து பந்தைப் பிடிக்கப் போகிறவனின் பின்னிருந்து எம்பி, முட்டியால் பந்தைத் தட்டிவிடுகிறான். தட்டப்பட்ட பந்து எங்கோ உருண்டோடுகிறது. விழாமல் போன கோலை யார் எண்ணி வைப்பார்கள்?

ராபர்ட் மர்ஃபி தூய தடுப்பாட்டக்காரர் என்று சொல்லிவிடவும் முடியாது. கிழக்கே கிப்ஸ்லாண்ட் பகுதியிலுள்ள வாரகுல் என்ற ஊர்க்காரர். 1999 தேர்வில் பதின்மூன்றாவதாக வெஸ்டர்ன் புல்டாக்ஸ் குழுவால் எடுக்கப்பட்டு, 2000இல் முதல் ஆட்டம் ஆடினார். தொடக்கத்தில் முன்வரிசையில் ஆடிய ஒல்லியான பையன். பிறகு பாதிப் பின்வரிசையின் ஓரத்துக்கு வந்து அங்கேயே தன் இடத்தைக் கண்டுகொண்டார். பந்தைத் தடுத்த கணத்திலேயே ஏந்திக்கொண்டு முன்னே ஓடுவதுதான் அவ்விடத்தின் கலை. 2015இல் குழுவின் தலைவரானார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு பெயரளவில் அமைக்கப்படும் கௌரவ அணிக்கும் தலைவர் அவரே. செய்தித்தாளில் பத்தி எழுதினார். தன் பாட்டு ரசனையைப் பற்றி ஆட்டத்தைவிட மகிழ்ச்சியாகப் பேசக்கூடியவர் என்றும் மருமகன் சொன்னான். அதைக் கொஞ்சம் குறையாகவே சொன்னான்.

குழுவைப் பற்றிச் சொல்லாமல் மர்ஃபியைச் சொல்ல முடியாது. மெல்பர்னின் தொழிற்சாலைப் பகுதியான ஃபுட்ஸ்கிரேயில் பிறந்த குழு அது. 1925இல்தான் பெரிய போட்டித்தொடரில் இடம் கிடைத்தது. 1954இல் ஒரே ஒரு முறை வாகை சூடியது. 1961இல் மீண்டும் இறுதிப்போட்டிக்கு வந்து தோற்றது. அதன் பிறகு வறட்சி. 1989இல் கடன் தாங்காத நிலையில் ஃபிட்ஸ்ராய் என்ற இன்னொரு குழுவோடு இதை இணைத்துவிடுவது என்று முடிவாகி அறிவிப்பும் வந்துவிட்டது. மேற்குப் புறநகர் மக்கள் எழுந்தார்கள். ரசிகை ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். மற்றவர்கள் உண்டியல் ஏந்தி வீடு வீடாகப் போனார்கள். சில வாரங்களுக்குள் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. குழு பிழைத்தது. மதில் காத்தல் என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

மர்ஃபியின் காலத்தில் 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இறுதிப்போட்டியின் வாசல்வரை போய்த் திரும்பினார்கள். பிறகு 2016 வந்தது. பருவத்தின் மூன்றாவது சுற்று, ஏப்ரல் மாதம், ஹாதார்ன் குழுவோடு ஆட்டம். கடைசி நிமிடங்களில் ஒரு பந்துக்காக எம்பி இறங்கியபோது மர்ஃபியின் முழங்கால் தசைநார் அறுந்தது. 2006லும் அப்படி ஒருமுறை அறுந்து மீண்டிருந்தார். இப்போது வயது முப்பத்துமூன்று. அந்தப் பருவம் அவருக்கு அத்துடன் முடிந்தது.

குழுவுக்கு முடியவில்லை. ஏழாம் இடத்தில் நின்று தகுதி பெற்ற அணி, பெர்த் நகரில் ஒன்று, நடப்பு வாகையரான ஹாதார்னுக்கு எதிராக ஒன்று, சிட்னியில் ஒன்று என்று எதிர்பாராத வெற்றிகளைக் கோத்துக்கொண்டு இறுதிப்போட்டிக்கு வந்தது. அக்டோபர் 1 அன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் முன்னிலையில் சிட்னி ஸ்வான்ஸ் அணியை 89–67 என்று வென்றது. அறுபத்திரண்டு ஆண்டுகள். திடலில் இருபத்திரண்டு ஆட்டக்காரர்களின் கழுத்தில் பதக்கம். தலைவன் சாதாரண உடையில் ஓரத்தில் நிற்கிறான்.

அப்போது பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் மேடையில் தனக்கு அணிவிக்கப்பட்ட ஜாக் மெக்ஹேல் பதக்கத்தோடு ஒலிவாங்கியின் முன் நின்று மர்ஃபியைக் கூப்பிட்டார். பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அந்த ஒளிப்பதிவை மருமகன் எனக்கு மூன்று முறை காட்டினான். மூன்று முறையும் நான் பார்த்தது மர்ஃபியின் முகத்தைத்தான். அதில் மகிழ்ச்சியைப் போலவே ஒரு சங்கடமும் தெரிந்தது. தனக்கு உரிமையில்லாத பந்தியில் உட்காரவைக்கப்பட்டவனின் சங்கடம். பிற்பாடு அந்தப் பதக்கத்தை அவர் பெவரிட்ஜிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்ததைப் பெருந்தன்மை என்று எல்லோரும் கொண்டாடினார்கள்; சரிதான். எனக்குத் திருப்பிக் கொடுத்ததே பெரிதாகப் படுகிறது. பெற்றுக்கொண்டே இருந்திருந்தால் அந்த இழப்பு ஈடுகட்டப்பட்டதாக ஊர் கணக்கு முடித்திருக்கும். அது ஈடுகட்ட முடியாதது என்பதை அவர் மறைக்கவில்லை.

2017 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை மாலை. மர்ஃபியின் கடைசி ஆட்டம், முந்நூற்றுப் பன்னிரண்டாவது. எதிரணி மறுபடியும் ஹாதார்ன். சன்ஷைன் நிலையத்தில் ஏறியபோதே பெட்டியில் சிவப்பு வெள்ளை நீலக் கழுத்துத்துணிகள். ஃபுட்ஸ்கிரேயில் எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி ஏறி எங்கள் எதிரே அமர்ந்தார். மருமகனின் முதுகில் மர்ஃபியின் எண்ணான இரண்டைப் பார்த்துப் பேச்சுக்கொடுத்தார். 1954 வெற்றியன்று அவருக்கு ஏழு வயதாம். அப்பாவின் தோளில் அமர்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. 1989இல் கணவரோடு உண்டியல் ஏந்தித் தெருத்தெருவாகப் போயிருக்கிறார். கணவர் 2015இல் இறந்துவிட்டார். ஓராண்டு. ஒரே ஓர் ஆண்டு பொறுத்திருக்கக் கூடாதா அந்த மனிதர் என்று கணவரைக் கோபித்துக்கொள்பவர் போலச் சொன்னார். வெற்றிக்கு மறுநாள் அவருடைய கழுத்துத்துணியைக் கல்லறைக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தாராம்.

"மற்ற பிள்ளைகளெல்லாம் எங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்தார்கள். பாப் மட்டும் என் வீட்டுக்காரரோடு வெளியே நின்றுகொண்டிருந்தான்" என்றார். பிறகு பையிலிருந்து மிட்டாய் எடுத்து மருமகனிடம் நீட்டினார்.

அதன்பின் அரங்கில் நான் கண்டதையெல்லாம் அந்த வாக்கியத்தின் வழியாகவே கண்டேன். அன்று எட்டிஹாட் என்று பெயர் கொண்டிருந்த, கூரை மூடிய டாக்லேண்ட்ஸ் அரங்கு அது. அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் ரசிகர்கள் தங்கள் கையால் ஒட்டிச் செய்த பெரிய தாள் பதாகையைத் திடலில் உயர்த்திப் பிடிப்பார்கள். ஆட்டக்காரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு ஓடிவருவார்கள். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் கந்தல். புகழ்மொழியைப் பாதுகாக்காமல் கிழிபடவே செய்கிற இந்த ஏற்பாடு, பாராட்டு மடலுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் கல்லூரி விழாக்களில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்த எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அதே இரவு மாத்யூ பாய்ட் என்ற இன்னொரு மூத்த ஆட்டக்காரரும் புல்டாக்ஸில் விடைபெற்றார். அவரும் முன்னாள் தலைவர், அவரும் கடைசி ஆண்டுகளில் பின்வரிசைதான். 2016 இறுதிப்போட்டியில் ஆடிப் பதக்கம் பெற்றவர். அவருக்கும் கரவொலி குறைவில்லை. ஆனால் மர்ஃபி பந்தைத் தொட்டபோதெல்லாம் எழுந்த ஒலி வேறு. கோலுக்கு எழும் ஆரவாரம் இல்லை. வீட்டுப் பிள்ளை தெருமுனையில் திரும்பும்போது வாசலில் நிற்பவர்கள் எழுப்புகிற ஒலி. எங்கள் முன்வரிசையில் ஒரு முரட்டு ஆள் ஆட்டம் முழுதும் நடுவரை வைதுகொண்டிருந்தவர், கடைசிக் கால்பகுதியில் வாயடைத்துப் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டார்.

புல்டாக்ஸ் தோற்றது. வாகையர் அந்த ஆண்டு இறுதிச்சுற்றுக்கே தகுதி பெறவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. தோழர்கள் மர்ஃபியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மருமகன் அழுதுகொண்டிருந்ததை நான் பார்க்காததுபோல் இருந்தேன். அந்த மூதாட்டியைக் கூட்டத்தில் தேடினேன்; கிடைக்கவில்லை.

அன்று எதிரணியில் லூக் ஹாட்ஜ் என்ற பெரும் ஆட்டக்காரருக்கும் அதேபோல் விடைகொடுத்தார்கள். அவர் அடுத்த ஆண்டே பிரிஸ்பேன் குழுவுக்கு ஆடப் போய்விட்டார் என்பது வேறு கதை. மருமகன் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. மர்ஃபி திரும்பி வரவில்லை. 2018இல் 'லெதர் சோல்' என்று ஒரு நூல் எழுதினார். தங்கை அதை எனக்கு அனுப்பிவைத்தாள். அட்டையில் துணைத்தலைப்பு ஒன்று இருக்கிறது. அதில் அவர் தன்னைத் தலைவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, பாதிப் பின்வரிசையின் ஓரத்துக்காரன் என்றுதான் போட்டிருக்கிறார்.