செலக்டை அமுக்கிக்கிட்டு ஸ்டார்ட்

மகாபாரதத்துல அபிமன்யு கதை எல்லாருக்கும் தெரியும். சக்கர வியூகத்துக்குள்ள போகத் தெரியும், வெளிய வரத் தெரியாது. எங்க வீட்டு ஹால்ல ஒரு நாலு மாசம் இதே கதைதான் ஓடிச்சு. அபிமன்யு என் தங்கச்சி. வெளிய வர்ற வழியை அடைச்சது கௌரவர்கள் இல்லை மக்களே, நான்தான்.

போன செமஸ்டர் லீவுல ஒரு சீனியர்கிட்ட இருந்து பழைய ராஸ்பெர்ரி பை 3 வாங்கினேன். சீட்டுக்கட்டு அளவு போர்டு. அதுல ரெட்ரோபை போட்டு டிவியில மாட்டினா பழைய நிண்டெண்டோ, சேகா, கேம்பாய் எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள வந்துடும். கேம் லிஸ்டைக் காட்டுறது எமுலேஷன்ஸ்டேஷன், கேமை ஓட்டுறது ரெட்ரோஆர்ச். ரெண்டும் வேற வேற சாஃப்ட்வேர். இது அப்ப எனக்கு உறைக்கல.

முதல் தடவை ஆன் பண்ணினதும் கன்ட்ரோலரை அறிமுகப்படுத்தச் சொல்லும். மேல் அம்புக்குறி எது, ஸ்டார்ட் எது, செலக்ட் எதுன்னு வரிசையா கேட்டுக்கிட்டே போகும். நம்மகிட்ட இல்லாத பட்டனைக் கேட்டா ஏதாவது ஒரு பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா தாண்டிடும். கடைசி வரி, "ஹாட்கீ எனேபிள்". அது என்னன்னு அப்ப சத்தியமா தெரியாது. என் கட்டைவிரல் இடது குச்சி மேல இருந்தது. லேசா அழுந்திடுச்சு போல. அந்தக் குச்சியை உள்ள அமுக்கினா அதுவும் ஒரு பட்டன்தான், எல்3னு பேரு. "சரி, எடுத்துக்கிட்டேன்"னு அதுவும் அடுத்த ஸ்கிரீனுக்குப் போயிடுச்சு.

ஹாட்கீங்கறது பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. கன்ட்ரோலர்ல இருக்குற எல்லா பட்டனையும் கேமே எடுத்துக்கும். அப்புறம் "கேமை மூடு"ன்னு எமுலேட்டருக்கு எதை வெச்சு சொல்றது? அதுக்காக ஒரு பட்டனைத் தனியா ஒதுக்கணும். கீபோர்டுல ஷிஃப்ட் மாதிரி. அதை அமுக்கிப் பிடிச்சிருக்கும்போது மத்த பட்டனுக்கெல்லாம் வேற அர்த்தம் வந்துடும். ரெட்ரோபையில வழக்கமா அது செலக்ட். செலக்டோட ஸ்டார்ட் சேர்த்தா கேம் மூடும், வலது தோள் பட்டன் சேர்த்தா அந்த நொடியை அப்படியே சேமிக்கும், இடது தோள் பட்டன் சேர்த்தா சேமிச்ச இடத்துக்குத் திரும்பிப் போகும். எங்க வீட்டுல மட்டும் அது எல்3. எனக்கே தெரியாது! நான் பக்கத்துல கீபோர்டை வெச்சுக்கிட்டு அதுல தட்டி வெளிய வந்துக்கிட்டிருந்தேன்.

லீவு முடிஞ்சது. கீபோர்டை எடுத்துக்கிட்டு ஹாஸ்டலுக்கு வந்துட்டேன்.

தங்கச்சி (எட்டாவது படிக்கிறா) அப்ப போகிமான் எமரால்டுல பாதி தாண்டியிருந்தா. நாலு பேட்ஜ். அஞ்சாவது ஜிம் தலைவர் நார்மன், கதைப்படி ஹீரோவோட அப்பா. அவர்கிட்ட ஸ்லேக்கிங்னு ஒரு சோம்பேறிப் பிராணி இருக்கு. ஒரு முறை விட்டு ஒரு முறைதான் அடிக்கும், ஆனா அடிச்சா ஆள் காலி. நான் கிளம்பின வாரமே போன் பண்ணினா. "அண்ணா, அப்பாவை ஜெயிச்சுட்டேன்! கடல்ல போற வழி கெடைச்சிடுச்சு!" நானும் பாராட்டினேன்.

மறுநாள் மறுபடி போன். "அண்ணா, திரும்ப நாலு பேட்ஜ்தான் இருக்கு."

"நீ சேவ் பண்ணியிருக்க மாட்டடி."

"பண்ணேன்ணா. சேவ் ஆயிடுச்சுன்னு அதுவே சொல்லுச்சு."

"கனவு கண்டிருப்ப."

ரெண்டாவது தடவையும் ஜெயிச்சா. அதுவும் போச்சு. மூணாவது தடவை நான் எக்ஸாம் டென்ஷன்ல இருந்தேன். கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். "ஒரு சேவ் கூட ஒழுங்கா பண்ணத் தெரியலைன்னா எதுக்கு வெளையாடற"ன்னு கேட்டேன். சரிண்ணான்னு வெச்சுட்டா. அப்புறம் அதைப் பத்தி அவ பேசவே இல்லை. பிரச்சனை தீர்ந்துடுச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனா அந்தப் பெட்டி மேல துணி போட்டு மூடி, அது மேல அம்மாவோட மூக்குக்கண்ணாடி கூடு இருக்கு. "இப்பல்லாம் அவ தொடறதே இல்லடா"ன்னு அம்மா சொன்னாங்க. சும்மா, எப்படி வெளையாடுவேன்னு காட்டுன்னு உக்கார வெச்சேன். கொஞ்ச நேரம் ஆடினா. ஸ்டார்ட் அமுக்கி, சேவ் போட்டு, சேமிச்சாச்சுன்னு கேம் சொல்ற வரைக்கும் பொறுமையா காத்திருந்தா. அப்புறம் எழுந்து போய் சுவர்ல சுவிட்சை அணைச்சா.

"ஏய், ஏன் அங்க ஆஃப் பண்ற? கேமை விட்டு வெளிய வர வேண்டியதுதானே?"

"எப்படி வர்றது?"

எனக்குப் பதில் தெரியலை. பைக்குள்ள கீபோர்டு இருந்தது.

அன்னிக்கு ராத்திரி கன்ட்ரோலரோட கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். செலக்ட் 8, ஸ்டார்ட் 9, ஹாட்கீ வரியில 10. பத்துன்னா எல்3. அப்புறம்தான் சேவ் மர்மமும் விளங்கிச்சு. நிஜமான எமரால்டு கேசட்ல சேவ் போட்டா அது கேசட்டுக்குள்ள இருக்குற ஃபிளாஷ் மெமரியில அப்பவே எழுதிடும். சேவ் முடிஞ்சதும் தாராளமா ஆஃப் பண்ணலாம். எமுலேட்டர்ல அந்த மெமரியே ஒரு நாடகம். கேம் எழுதினதை ரெட்ரோஆர்ச் ராம்ல வாங்கி வெச்சுக்கும். கேமை ஒழுங்கா மூடும்போதுதான் எஸ்டி கார்டுல ஃபைலா எழுதும். (நடுநடுவுல எழுதச் சொல்லி ஒரு செட்டிங் இருக்கு. எங்க பெட்டியில அது ஆஃப்ல இருந்தது.) நான் இருந்த வரைக்கும் கீபோர்டுல மூடினதால எல்லாம் பத்திரமா இருந்தது. நான் போன பிறகு ஒரு தடவை கூட அது எழுதப்படல. சேவ் ஆயிடுச்சுன்னு கேம் சொன்னது அதைப் பொறுத்தவரை உண்மை. அவ சொன்னதும் உண்மை. சுவிட்சை அணைச்ச உடனே எல்லாம் காத்தோட போச்சு. எஸ்டி கார்டு கெட்டுப் போகாம இருந்ததே அதிர்ஷ்டம்.

10ஐ 8 ஆக்கினேன். ஒரே ஒரு எண். ஆட்டோசேவ் இடைவெளியை 10 விநாடின்னு வெச்சேன். காலையில அவளை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். உன் தப்பு இல்லை, என் தப்புன்னு சொல்லும்போது மூஞ்சியைப் பார்க்க முடியலை. அவ பெருசா எதுவும் சொல்லலை. "அப்ப மூணு தடவையும் நான் ஜெயிச்சது நெஜம்தானே?"ன்னு மட்டும் கேட்டா.

ஒரு சின்ன சிக்கல் பாக்கி இருக்கு. போகிமான்ல ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் நாலையும் சேர்த்து அமுக்கினா கேம் ரீசெட் ஆகும். இப்ப அதை அமுக்கினா கேமே மூடிடுது. இதை அவதான் கண்டுபிடிச்சா, நான் இல்லை.

அன்னிக்கு சாயங்காலம் நாலாவது தடவையா நார்மனை அடிச்சா. சேவ். செலக்டை அமுக்கிக்கிட்டு ஸ்டார்ட். கேம் லிஸ்ட் வந்தது. அங்கேர்ந்து ஷட்டவுன். ஸ்கிரீன் இருண்ட பிறகும் போர்டுல பச்சை விளக்கு துடிக்கிறது நிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் சுவிட்ச். உடனே மறுபடி ஆன் பண்ணினா.

அஞ்சு பேட்ஜ்.

"டேய் அண்ணா, கீபோர்டை இங்கயே வெச்சுட்டுப் போ. உன்னை நம்ப முடியாது"ன்னா. வெச்சுட்டு வந்துட்டேன்.