வேரோடு எடுத்தால்தான் வேலை முடியும்

ஜாலான் புசாரில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால், சாலையைக் கழுவிய தண்ணீர் ரோச்சோர் கால்வாய்க்குப் போகிறது. அங்கிருந்து ரோச்சோர் ஆறு, காலாங், பிறகு மரினா நீர்த்தேக்கம். 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10,000 ஹெக்டர், இன்று அந்த ஒரு நீர்த்தேக்கத்துக்கு மழைநீர் கொடுக்கிறது. சுத்திகரித்தபின் நாம் குடிப்பதும் அதைத்தான். டயர் தேயும்போது துத்தநாகமும் பிரேக் தேயும்போது செம்பும் பொடியாகச் சாலையில் உதிர்கின்றன. பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை, தேங்கிய பொடியை மொத்தமாக அள்ளிக்கொண்டு வடிகாலில் இறங்குகிறது.

நீர்ச்செடிகளின் பக்கம் என்னை இழுத்தது இந்த முதல் மழைத் தண்ணீர்தான். தொட்டிகளில் வெங்காயத்தாமரை, சம்பு, வெட்டிவேர் வளர்க்கிறேன். பார்க்க வரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “செடி அழுக்கைச் சாப்பிட்டுடுமா சார்?” சாப்பாட்டுக் கழிவாக இருந்தால் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். உலோகத்தை எந்த உயிரும் சிதைக்க முடியாது. தண்ணீரில் இருந்த ஈயம் வேருக்கு வந்தாலும் ஈயம்தான், வேர் அழுகித் தண்ணீருக்குத் திரும்பினாலும் ஈயம்தான். செடி அதை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுக்கிறது. அங்கிருந்து எடுத்துப் போவது நம் பொறுப்பு.

ஒரு வெங்காயத்தாமரையைத் தூக்கிப் பாருங்கள். கருஞ்சிவப்பு வேர்க்கொத்தில் ஒவ்வொரு வேரிலிருந்தும் இறகுபோல நுண்வேர்கள் பிரிந்திருக்கும். அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் எதிர்மின்னேற்றம், நேர்மின்னேற்றம் கொண்ட உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்கிறது. முதல் சில மணி நேரத்தில் இந்த வேலை மளமளவென்று நடக்கும். இடமெல்லாம் நிரம்பியதும் வேகம் குறைந்துவிடும். வேருக்குள் புகும் காட்மியத்தைக் கந்தகம் நிறைந்த சிறு புரதங்களால் கட்டி, செல்லுக்குள் ஓர் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறது செடி. தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த குரோமியத்தில் இன்னொரு அதிசயம் உண்டு: நஞ்சு மிகுந்த ஆறிணைதிறன் குரோமியத்தை, தீங்கு குறைந்த மூவிணைதிறன் வடிவத்துக்கு இந்த வேர் மாற்றிவிடுகிறது. இலைக்கு ஏறும் உலோகம் கொஞ்சம்தான். ஈயத்தில் பெரும்பங்கு வேரிலேயே நின்றுவிடும். அதனால்தான் இலையைக் கத்தரித்துவிட்டு ‘அறுவடை முடிந்தது’ என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

சம்பின் வழி வேறு. தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக அது சேற்றுக்குள் ஆக்சிஜனை இறக்குகிறது. சேற்றிலுள்ள இரும்பு அந்த ஆக்சிஜன் பட்டு வேரின்மேல் துருவாகப் படியும். சேற்றைக் கழுவிவிட்டு வேரைப் பார்த்தால் செங்காவி நிறம் தெரியும். ஆர்செனிக் அந்தத் துருப்பூச்சில்தான் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, செடியே இல்லாத தொட்டி. செடியுள்ள தொட்டியின் பக்கத்தில் அதே தண்ணீர், அதே அளவு, அதே வெயிலில் ஒரு வெறுந்தொட்டியும் இருக்க வேண்டும். உலோகம் தானாகவே அடியில் படியும், பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டும். தண்ணீரின் காரத்தன்மை கூடினால் இன்னும் வேகமாகப் படியும். வெறுந்தொட்டியில் குறைந்ததைக் கழித்த பிறகு மிஞ்சுவதே செடியின் கணக்கு. செடித் தொட்டியை மட்டும் அளந்துவிட்டு “90 சதவீதம் நீங்கியது” என்று சொல்பவரிடம் வெறுந்தொட்டியின் அளவைக் கேளுங்கள். தண்ணீர் தெளிந்ததை வைத்தும் முடிவு சொல்லக்கூடாது. குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கண்ணுக்கு அது எங்கே தெரியும்? ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

வெங்காயத்தாமரை காட்மியத்தையும் நிக்கலையும் உறிஞ்சுவதை அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் 1970களிலேயே மிசிசிப்பியில் சோதித்துப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது லோரோங் ஹலுஸ் ஈரநிலம். 1970 முதல் 1999 வரை அங்கே குப்பை கொட்டினார்கள். பக்கத்திலிருக்கும் சிராங்கூன் ஆற்றை நீர்த்தேக்கமாக மாற்றும் திட்டம் வந்தபோது, பழைய குப்பையிலிருந்து கசியும் நீரைத் தடுக்க வேண்டியிருந்தது. பொதுப் பயனீட்டுக் கழகம் 18 மீட்டர் ஆழத்துக்கு 6.4 கிலோமீட்டர் நீளத் தடுப்புச் சுவரை நிலத்துக்குள் இறக்கியது. சுவருக்குப் பின்னால் தேங்கும் கசிவுநீரை இறைத்து, குளங்கள் வழியாகவும் நாணற்படுகைகள் வழியாகவும் செலுத்துகிறார்கள். சுவர் தடுக்கிறது, பம்பு இறைக்கிறது, செடி தன் பங்கைச் செய்கிறது. செடியை மட்டும் நம்பி அந்த நீர்த்தேக்கத்தை அமைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய பாடம்.

செடிக்கும் எல்லை உண்டு. உலோகம் கொஞ்சமாகவும் தண்ணீர் நிறையவும் இருக்கும் இடத்தில் அது அருமையாக உழைக்கும். முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீரை நேராக விட்டால் செம்பின் நஞ்சேறி இலை மஞ்சளித்துச் செத்துப்போகும். அங்கே சுண்ணாம்பு போட்டுப் படியவைக்கும் பழைய முறையே சரி. தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலையின் குரோமியக் கழிவுமேட்டைச் செடி நட்டுத் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிங்கப்பூரில் தொட்டி வைப்பவர் கொசுவையும் மறக்கக்கூடாது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வருவது நம் நன்மைக்குத்தான். மாசு குறைந்த தொட்டியில் கப்பி மீன் விடலாம். உலோகம் மிகுந்த தொட்டியில் மீன் பிழைக்காது, புழுக்கொல்லியும் நெருக்கமான வலையும் வேண்டும்.

அறுவடைக்கு வருகிறேன். இலை பழுக்குமுன் எடுத்துவிட வேண்டும். பழுத்து அழுகினால் பிடித்ததெல்லாம் தண்ணீருக்கே திரும்பும். செடியை அதே தொட்டிக்குமேல் பிடித்து நீரை வடியவிட வேண்டும், வேரைப் பிழியக்கூடாது. நுண்வேர்களில் ஒட்டிய வண்டலிலும் உலோகம் இருக்கிறது. வெங்காயத்தாமரையில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். காயவைத்தால் ஒரு பெரிய குவியல் கைப்பிடிச் சருகாகச் சுருங்கும், உலோகம் முழுவதும் அந்தச் சருகில் இருக்கும். அதை உரமாக்கக் கூடாது, மாட்டுக்குப் போடக் கூடாது. சோதனைத் தொட்டியில் காட்மியமோ பாதரசமோ பிடித்த செடியை நச்சுக் கழிவாகவே கணக்கிட்டு, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஊரில் ஏரியிலிருந்து வாரும் வெங்காயத்தாமரையில் மண்புழு உரம் தயாரிக்கும் நண்பர்களுக்கும் சொல்கிறேன்: ஏரிக்கு எந்த ஆலையின் நீர் வருகிறது என்று விசாரியுங்கள், உரத்தைச் சோதித்த பிறகு வயலில் போடுங்கள்.

தேக்கா ஈரச்சந்தையில் காங்கோங் கீரை வாங்கும்போது பயம் வேண்டாம், அது முறையாக வளர்த்து வருவது. வடிகால் ஓரத்தில் தானாகப் படர்ந்ததைப் பறித்துச் சமைக்காதீர்கள். அதுவும் உலோகம் பிடிக்கும் செடிதான். வீட்டில் அழகுக்கு வளர்க்கும் வெங்காயத்தாமரை பெருகிவிட்டால் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடாதீர்கள். வேரோடு எடுத்து, வடியவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். எரிஆலைக்குப் போய்ச் சாம்பலாகிச் செமாக்காவ் நிரப்புநிலத்தில் சேர்ந்துவிடும்.