மலையேறிய கெப் வண்டியும் மறந்திருந்த பாடமும்

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது முதலில் தயங்கினேன். நம் கல்லூரி ஈன்ற நீதிபதிகளும் வைத்தியர்களும் பேராசிரியர்களும் எழுதும் ஏட்டில், மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையொன்றில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்து ஓய்வுபெற்ற நான் எதைச் சொல்வது? பின்னர் ஒன்று நினைவுக்கு வந்தது. கல்லூரியிலே கற்ற பாடமொன்றை மறந்து, அதற்கு விலையும் கொடுத்து, நாற்பது ஆண்டுகளின் பின் அதனை மீண்டும் கற்ற கதை என்னிடம் உண்டு. அக்கதையின் நாயகன் பழைய டீசல் கெப் வண்டியொன்று. பழைய வண்டியோடு மல்லாடும் அன்பர்கள் நம்முள் பலர் இருப்பராதலின், அவர்களுக்கு இது பயன்படவுங் கூடும்.

நம் பௌதிக ஆசிரியர் ஒருநாள் மேசைமீது மெழுகுவர்த்தியொன்றை ஏற்றிவைத்து, அதன்மேல் கண்ணாடிச் சாடியொன்றைக் கவிழ்த்தார். சுடர் சுருங்கிற்று, கருகிற்று, அணைந்தது. “மெழுகு தீர்ந்துவிட்டதா?” என்று வினவினார். “இல்லை சேர், காற்றுத்தான் தீர்ந்தது” என்றோம். “அப்படியானால் இன்னும் மெழுகு வைத்தால் எரியுமா?” என்றார். வகுப்பு முழுதும் சிரித்தது. அன்று சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

நிற்க. 2020 மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய இரும்பெல்லாம் பொன்னாயிற்று. ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு லிந்துலைப் பக்கத்தில் சிறு மரக்கறித் தோட்டமொன்றைப் பார்த்துவந்த நான், கரட்டையும் லீக்ஸையும் கோவாவையும் நுவரெலியாவுக்கு ஏற்றுதற்பொருட்டு வாங்கியது டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியொன்று. டேர்போ இல்லாத 2L எஞ்சின். கொள்ளளவு 2446 கன சென்ரிமீற்றர். சமதரையில் சாதுவாக ஓடும் அவ்வண்டி, தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும்போது இரண்டாம் கியரிலே பெருமூச்சு விடும். பின்னால் வரும் பஸ்கள் ஹோர்ன் அடித்து என்னை வைதன.

2022 ஆம் ஆண்டை மறந்தவர் இலர். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் டீசல் லீற்றர் ஒன்று 460 ரூபாவாயிற்று. வரிசையில் நின்ற இரவுகளையும், பின்னர் வந்த கியூ.ஆர். அட்டையையும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. வண்டியின் வலுவையும் கூட்டவேண்டும், டீசலையும் சிக்கனமாக்கவேண்டும், செலவும் அதிகமாகலாகாது என்ற மும்முனை ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது அக்காலத்திலேதான்.

ஒரு கராஜில் இருந்தவர் என் குறையைக் கேட்டுப் புன்னகைத்தார். “இதற்கு ஏன் சேர் கவலை? பம்பிலே ஒரு திருகு இருக்கிறது. அரைச் சுற்றுத் திருகினால் போதும்” என்றார். டீசல் பம்பின் பின்புறத்தில், எஞ்சின் முழுச்சுமையில் எவ்வளவு டீசலைப் பெறலாம் என்று வரம்பிடும் திருகு அது. பத்து நிமிட வேலை, சொற்பக் கூலி. வண்டி சற்று உற்சாகமாய் ஏறத்தான் செய்தது. பின்னால் கரும்புகை எழுந்தது. புகையைக் கண்ட நான் அதனை வலுவின் அடையாளமென்றே எண்ணினேன். விஞ்ஞானம் படிப்பித்தவனுடைய அறிவு இத்தகையது!

அவ்வாண்டு நவம்பர் மாதத்து மழையிரவொன்றில், அயலிலுள்ள லயத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து கதவைத் தட்டினார். அவர் மனைவிக்குப் பிரசவ வேதனை. தோட்டத்து லொறி வேறிடம் போயிருந்தது. “சேர், நீங்கதான் ஏத்திக்கிட்டுப் போகணும்” என்று கைகூப்பினார். அப்பெண்ணை முன்னாசனத்தில் இருத்தினோம். அவள் மாமியாரும் கணவரும் பின்னே படங்கின் கீழ் ஒடுங்கினர். நுவரெலியா வைத்தியசாலையை நோக்கி, அவசரத்தினால் வண்டியை அழுத்தி ஓட்டினேன். நானுஓயாவை நெருங்கும் ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. அடுத்த வளைவில் ஆவி சீறிற்று, எஞ்சின் நின்றது.

மழை, இருள், முனகும் பெண். அவள் கையைப் பற்றியிருந்த மாமியார் என்னை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அந்த மௌனம் இன்றும் என் செவியில் இருக்கிறது. கால்மணி நேரத்தின் பின் மரக்கறி லொறியொன்று வந்தது. அதன் சாரதி வினாவொன்றும் வினவாமல் அவர்களை ஏற்றிச்சென்றார். வைத்தியசாலையை அடைந்து சிறிது நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது என்றும், இருவரும் நலமென்றும் விடியற்காலையில் செய்தி வந்தது. அதுவரை நான் வண்டியினுள்ளே இருந்தேன். அப்பொழுதுதான் அந்த மெழுகுவர்த்தி நினைவுக்கு வந்தது.

கடல்மட்டத்தினின்றும் நுவரெலியா 1868 மீற்றர் உயரமுடையது. ஹற்றன் ஏறத்தாழ 1270 மீற்றர். நுவரெலியாவின் காற்று, கொழும்பின் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. டேர்போ இல்லாத எஞ்சின் தானே இழுத்துக்கொள்ளும் காற்றையே நம்பியிருப்பது. எனவே மலையில் அதற்குக் குறைவது டீசலன்று, காற்று. உயர்நிலங்களுக்கென விற்ற சில வண்டிகளின் பம்பில், காற்று மெலியுந்தோறும் டீசலைத் தானே குறைக்கும் அமைப்பினை உற்பத்தியாளரே வைத்திருந்தனர். நானோ அதற்கு எதிர்மாறாகச் செய்தேன். சாடிக்குள் மேலும் மெழுகை வைத்தேன். எரிய இடமில்லாத டீசல் கரியாயிற்று. மிகையான வெப்பம் எஞ்சினின் தலையிலே சேர்ந்தது, அது வெடித்தது.

வண்டியை இழுத்துச் சென்று ஹற்றனிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அவர் கழற்றிய சிலிண்டர் ஹெட்டைக் காட்டி, வால்வுகளுக்கிடையே ஓடிய வெடிப்பின்மேல் விரலை வைத்து, “சேர், இந்த எஞ்சினுக்குப் புதுசா ஒண்ணும் குடுக்க வேணாம். அதுகிட்ட இருந்து களவு போனதைத் திருப்பிக் குடுங்க, போதும்” என்றார். நூல்களிலே காணாத இவ்வாக்கியத்தையே பழைய டீசல் எஞ்சினுக்குரிய சூத்திரமாகக் கொள்கிறேன். அவர் திருப்பிக் கொடுத்தவை எவை என்பதை முறையே கூறுவேன்.

முதலாவது, காற்று. காற்று வடிகட்டியில் தோட்டத்து ரோட்டுப் புழுதி களிமண்ணாய் இறுகியிருந்தது. புதியதொன்றை இட்டு, காற்றுக் குழாயின் வெடிப்பை மாற்றினார். சைலன்சரினுள்ளே அடைத்திருந்த கரியையும் போக்கினார். செலவிலே மிகச் சிறியது இது.

இரண்டாவது, நொசில். டீசல் பனிபோல் விசிறப்படவேண்டும். கைப்பம்பில் பொருத்திச் சோதித்தபோது என் நான்கு நொசில்களுள் இரண்டு நீர்க்குழாய்போல் ஒழுகின. அவற்றின் முனைகளை மாற்றி, திறக்கும் அழுத்தத்தையும் சரிசெய்தார். காலையில் எழும் வெண்புகையும் தட்டொலியும் அன்றே ஓய்ந்தன. எனக்குக் கிடைத்த பயனிற் பெரும்பகுதி இதனால் வந்ததே.

மூன்றாவது, காலம். நீண்டுபோன டைமிங் பெல்ட்டை மாற்றி, பம்பின் நேரத்தை அளவுமானி வைத்துக் குறித்து, வால்வு இடைவெளிகளையும் நூலின்படி அமைத்தார். திருகிவிட்ட அந்தத் திருகினைப் பழைய இடத்துக்குக் கொணர்ந்து, ஏற்றத்தில் ஓட்டிப்பார்த்து, புகை தெரியாதவரை இன்னும் சிறிது குறைத்தார். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் நடைபெறும் புகைப் பரிசோதனை அதன்பின் எனக்குப் பரீட்சையாய் இருந்ததில்லை.

நான்காவது, குளிர்ச்சி. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். நல்ல ரேடியேற்றர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்து அக்கொதிநிலையை 115 பாகை வரைக்கும் உயர்த்திவைக்கும். என் வண்டி மூடியின் சுருள்வில் தளர்ந்திருந்தது. ஒருவேளைச் சாப்பாட்டின் விலையுடைய அம்மூடியைப் பாராததனால் எஞ்சினின் தலையை இழந்தேன். முன்னையோர் யாரோ கழற்றியெறிந்த தேர்மோஸ்டாட்டையும் அவர் மீண்டும் வைத்தார். அதில்லாத எஞ்சின் மலைக்குளிரில் உரிய சூட்டை அடையாது டீசலை வீணாக்குமாம். உறைபனி கொட்டும் ஜனவரி வைகறைகளில் தள்ளித் தள்ளி உயிர்ப்பித்த வண்டி, நான்கு ஹீட்டர் பிளக்குகளை மாற்றியபின் ஒரே திருப்பலில் விழித்தது.

ஐந்தாவது, சக்கரம். அழகுக்காக முன்னைய உரிமையாளர் மாட்டியிருந்த பெரிய டயர்களை அகற்றி, உரிய அளவினவற்றை இட்டோம். டயர் பெருத்தால் கியர் முழுவதும் உயர்ந்ததற்குச் சமம். ஏற்றத்திலே எஞ்சின் திணறும்.

இத்தனையுஞ் செய்து முடிந்தபோது, லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடிய வண்டி பத்தரை ஓடிற்று. இரண்டாம் கியரில் அழுத ஏற்றங்களுட் பலவற்றை மூன்றாம் கியரில் ஏறிற்று.

“டேர்போ பூட்டினால் என்ன?” என்று அன்பர்கள் கேட்பர். மெலிந்த காற்றுக்கு மெய்யான மருந்து அதுவே. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி 1905 இலேயே, வெளியேறும் புகையின் விசையால் காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் டேர்போவுக்கென ஆக்கிய எஞ்சினின் பிஸ்டனும், அதனைக் குளிர்விக்கும் எண்ணெய்த் தாரையும், ரேடியேற்றரும் வேறு. பஞ்சிகாவத்தையில் வாங்கிய டேர்போவைச் சாதாரண எஞ்சினில் ஒட்டிவிட்டால் அவை தாமாக வந்துவிடா. டேர்போ எஞ்சின் முழுவதையும் மாற்றுவதாயின், எஞ்சின் இலக்க மாற்றத்தை மோட்டார் வாகனத் திணைக்களத்திலும் பதியவேண்டும். அது வசதியுள்ளோர் வழி, சிக்கனத்தின் வழியன்று.

ஏறும் வலுவைப்பற்றி எண்ணுவோர் இறங்கும் வழியையும் எண்ணுதல் வேண்டும். 2023 ஜனவரி 20 ஆந் தேதி நானுஓயா ரதல்லச் சரிவில் நேர்ந்த விபத்தில் எழுவர் உயிர் நீத்தனர். அச்செய்தி கேட்டபின், மிஞ்சிய பணத்தைப் பிரேக்குக்கே செலவிட்டேன். ஏறின கியரிலேயே இறங்கு என்ற பழைய லொறிச் சாரதிகளின் விதியையும் அன்றுமுதல் மீறியதில்லை.

1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது, யாழ்ப்பாணத்தில் என் தமையனார் பழைய ஒஸ்ரின் ஏ40 காரொன்றைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார். விடுமுறைக்கு ஊர்சென்ற நான் அதனை வறுமையின் வித்தையென்று எண்ணியிருந்தேன். உண்மையில் அது பொறியின் இயல்பை அறிந்து, அதற்கு இயன்றதை மட்டும் கேட்கும் பண்பு. என்னிடம் குறைந்திருந்தது அப்பண்பே.

அம்மழையிரவிற் பிறந்த பெண்பிள்ளை இப்பொழுது தோட்டத்து முன்பள்ளிக்குப் போகிறாள். சந்தைக்குப் போகும் வழியில் அவளைச் சிலநாள் ஏற்றிச்செல்வதுண்டு. முன்னாசனத்தில் அமர்ந்து, ஏற்றம் வரும்போது, “தாத்தா, மெதுவாப் போங்க, வண்டிக்கு மூச்சு வாங்குது” என்பாள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஆசிரியர் ஒரு சாடியைக் கவிழ்த்துக் காட்டியதும் இதுவே.

அவ்வாசிரியர் இன்றில்லை. அவர் கற்பித்தவற்றுள் ஒன்றையேனும் காலந்தாழ்த்தியாவது கற்றுக்கொண்டேன் என்பதை இம்மலரின் வாயிலாக அவர் திருவடிகளிற் சமர்ப்பிக்கிறேன். வாழ்க நம் கல்லூரி!