குளத்துக்கு ஒரு பேக்கிங் லிஸ்ட்

கடலே இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு ஆலாவைப் பத்திப் பதிவு போடறானேன்னு நீங்க நினைக்கலாம். நியாயம்தான். திருப்பூர்லேருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கடல் கண்ணுல படறதுக்கு நாலஞ்சு மணி நேரமாவது ஆகும். ஆனா மார்கழி, தை மாசத்துல காலையில நஞ்சராயன் குளத்துக் கரையில நின்னு பாருங்க. சாம்பலும் வெள்ளையுமா, கத்தி மாதிரி றெக்கையோட, தண்ணியைத் தொட்டும் தொடாமலும் ஒரு கூட்டம் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வரும். அதுதான் மீசை ஆலா. கடல்காக்கைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மீசைன்னு சொல்றது கன்னத்துல இருக்கற வெள்ளைப் பட்டையை. அதுவும் இனப்பெருக்க காலத்துல கீழ் உடம்பு கறுத்து இருக்கும்போதுதான் எடுப்பாத் தெரியும். நம்ம ஊருக்கு வரும்போது மழுங்கச் சிரைச்சுட்டுத்தான் வருது :-)

கடலோரத்துல இந்தக் கணக்கெடுப்பை வேற மாதிரி செய்வாங்க. நிலம் கடலுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு இருக்கற முனைகள்ல, குளிரக் குளிர தொலைநோக்கியை ஊன்றி வெச்சு உக்காந்துடுவாங்க. ஒரு பாறையையோ மிதவையையோ குறியா வெச்சுக்கிட்டு, அந்தக் கோட்டைத் தாண்டற பறவை எத்தனை, எந்தத் திசைக்குப் போகுதுன்னு மணிக்கணக்கா எழுதுவாங்க. நமக்குக் கோடிக்கரை இருக்கு, கன்னியாகுமரி இருக்கு. ஆனா ஒன்றரை ஷிப்ட் பார்க்கறவனுக்கு ஞாயித்துக்கிழமை காலையில எட்டற தூரம் ஊத்துக்குளி ரோடுதான்.

அதனால குளம்.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நஞ்சராயன்ங்கற ராஜா பல நூறு வருசத்துக்கு முன்னாடி செப்பனிட்டதா சொல்றாங்க, பேரும் அதனாலதான். சர்க்கார் பெரியபாளையம்னு சொன்னா உள்ளூர்க்காரங்களுக்குச் சட்டுனு தெரியும். சுமார் 125 ஹெக்டேர். நல்லாறு கொண்டு வர்ற தண்ணிதான் இதுக்கு ஆதாரம். 2022ல தமிழ்நாட்டோட 17ஆவது பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. 2024 ஆகஸ்ட்ல கழுவேலியோட சேர்த்து ராம்சார் பட்டியல்லயும் இடம் கிடைச்சுது. ராம்சார்ங்கறது ஈரான்ல இருக்கற ஒரு ஊர். 1971ல அங்க கூடித்தான் உலக நாடுகள் ஈரநிலங்களுக்காக ஒப்பந்தம் போட்டாங்க. அந்தச் சமயத்துல அரசு வெளியிட்ட குறிப்புல இங்க 191 வகைப் பறவைகள்னு போட்டிருந்தாங்க. பனியன் ஊர்ல 191 வகைப் பறவையா, அட போப்பான்னு எங்க கம்பெனியில யாரும் நம்பலை.

எனக்கு வேலை செக்கிங், பேக்கிங். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் எண்ணறதுதான் பொழப்பு. எத்தனை பீஸ் வந்துச்சு, எத்தனை ஓட்டை, எத்தனை கறை, எத்தனை ஆல்டர், பெட்டிக்கு எத்தனை டஜன். சனிக்கிழமை சம்பளமும் அந்த எண்ணிக்கைக்குத்தான். அதனால பறவை எண்ணலாம் வாங்கன்னு நண்பர் ஒருத்தர் முதல்ல கூப்பிட்டப்போ வீட்டுல தங்கமணி கேட்டது: "வாரம் பூரா எண்ணறது பத்தலைன்னு ஞாயித்துக்கிழமையும் எண்ணப் போறீங்களா?"

பத்தலை போலிருக்கு.

எண்ணற விதம் உண்மையிலேயே பேக்கிங் மாதிரிதான். தண்ணியில ஊசிவால் வாத்துக் கூட்டம் மிதக்குதுன்னா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண நேரம் இருக்காது. முதல்ல பத்து வாத்தை எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணுல பதிச்சுக்கணும். அப்புறம் அதே அளவுக்கு எத்தனை கட்டு இருக்குன்னு பார்க்கணும். பெரிய கூட்டம்னா ஐம்பது, நூறுன்னு கட்டைப் பெருசாக்கிக்கணும். ஒருத்தர் தொலைநோக்கியில பார்த்துச் சொல்லணும், ஒருத்தர் எழுதணும், மூணாவது ஆள் தனியா எண்ணி ஒத்துப் பார்க்கணும். கூட்டம் நடுவுல பறந்துட்டா (சேற்றுப் பூனைப்பருந்து தலையைக் காட்டினா போதும், மொத்தக் குளமும் எந்திரிச்சிரும்), அது உக்கார்ற வரைக்கும் காத்திருந்து முதல்லேருந்து ஆரம்பிக்கணும். போன பீஸையே திரும்பவும் எண்ணிடக் கூடாது, இல்லையா?

நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், தட்டைவாயன், நீலச்சிறகி, கூழைக்கடா, சேத்துல நடக்கற பவளக்காலி, பட்டாணி உள்ளான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. இதுல பட்டைத்தலை வாத்து வந்துட்டா அன்னிக்கு எல்லார் முகத்துலயும் தீபாவளி போனஸ் வாங்கின களை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு, இமயமலையைத் தாண்டி வர்ற ஜீவன். 7,000 மீட்டருக்கு மேல பறந்ததைக் கருவி கட்டி அளந்திருக்காங்க. அம்மாம் பெரிய மலையைத் தாண்டிட்டு, இங்க எருமைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு அமைதியாப் புல்லு மேயும்.

எங்க கூட ஒரு அண்ணன் வருவார். சாயப்பட்டறையில டையிங் மாஸ்டரா இருந்தவர். ஊர் நொய்யலோரம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. அவருக்குப் பறவை பேர் பாதி தெரியாது, "அந்தக் கறுப்பு, இந்த நெட்டைக்கால்"னுதான் சொல்லுவார். ஆனா ஒரு வாரம் கூடத் தவற மாட்டார். எழுதற அட்டையை வேற யார்கிட்டயும் கொடுக்கவும் மாட்டார்.

ஒருநாள் டீக்கடையில நான் கேட்டேன், "ஏனுங்ணா, உங்களுக்கு இதுல என்னங்ணா இவ்வளவு ஆர்வம்?"

கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, நான் சின்னப் பையனா இருக்கறப்ப எங்கூரு ஆத்துல துண்டைப் போட்டு மீன் புடிப்போமுங். என்னென்ன மீனுன்னு எங்கய்யனுக்குத் தெரியும். கரையில என்னென்ன குருவி வரும்னும் தெரியும். அத்தனையும் போச்சு. போனதுக்கப்புறம் ஆபீசருங்க வந்து கேட்டாங்கோ, இங்க முன்னாடி என்ன இருந்துச்சுன்னு. எங்கய்யன் வாயில சொன்னாரு. எழுதி வெச்சிருக்கீங்களான்னாங்கோ. யாரு எழுதி வெச்சா?"

இந்த ஊர்க் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோவை, திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்துல காவிரியோட சேர்ற ஆறு நொய்யல். பாசனத்துக்காக 1990கள் தொடக்கத்துல கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணியைத் தேக்கி வைக்கற தொட்டியா மாறிப் போச்சு. கிணத்துத் தண்ணி உப்பாச்சு, தென்னை காஞ்சுது. விவசாயிங்க வழக்கு மேல வழக்குப் போட்டு, கடைசியில 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாம சுத்திகரிச்சாத்தான் திறக்கலாம்னு நிலைமை.

அண்ணனோட கதையில விசேஷம் என்னன்னா, அந்தத் தண்ணியில காஞ்சது அவர் அப்பாவோட தென்னந்தோப்பு. அந்த உத்தரவுல போனது அவரோட வேலை. ரெண்டு பக்கமும் அவருக்குத்தான் அடி. மாசக்கணக்குல சும்மா இருந்துட்டு, அப்புறம் கிடைச்ச வேலைக்குப் போனார். யாரையும் திட்ட மாட்டார். "கோர்ட்டு சொன்னது சரிதானுங்"னு மட்டும் சொல்லுவார்.

அவர் சொன்னதுக்கப்புறம்தான் இந்த அட்டையோட அர்த்தம் எனக்கு முழுசா உறைச்சுது. எண்ணி வைக்காத ஒண்ணு காணாமப் போனா, அது காணாமப் போச்சுன்னு கூட நிரூபிக்க முடியாது. ஷார்ட்டேஜ்னு சொல்லணும்னா முதல்ல பேக்கிங் லிஸ்ட் வேணும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா இன்னொண்ணும் புரியும். பறவை நிறைய வந்தா தண்ணி சுத்தம்னு ஒரு பேச்சு இருக்கு. அப்படி இல்லைங்க. ஊர்ச் சாக்கடை கலந்த தண்ணியில சத்து ஜாஸ்தி, நுண்ணுயிரும் புழுவும் பெருகும். தட்டைவாயன் அலகோட ஓரத்துல சீப்பு மாதிரி இருக்கும், அதை வெச்சுத் தண்ணியை வடிகட்டித் திங்கற பறவைக்கு அது விருந்து. அதுவே அளவு மீறிட்டா தண்ணியில ஆக்ஸிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும். அதனால தலையெண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கை தட்ட முடியாது. எந்த வகை கூடியிருக்கு, எந்த வகை வரலைன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

மழைக்கும் இதுல பங்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில நல்லாப் பெஞ்சு குளம் தளும்பினா, சேறு முழுக்கத் தண்ணிக்கு அடியில போயிரும். உள்ளான் வகையெல்லாம் கால் வைக்க இடமில்லாம வேற இடம் பார்த்துப் போயிரும். வாத்துக்கும் சுத்துவட்டாரத்துல ஒவ்வொரு குளமும் நிறைஞ்சு கிடக்கும், இங்கயேதான் வரணும்னு தலையெழுத்தா? அப்போ நம்ம கணக்குல எண்ணிக்கை குறையும். ஆனா பறவை குறையலை, பரவியிருக்கு. அதனாலதான் ஒரு குளத்தை மட்டும் எண்ணினாப் பத்தாது. எல்லாக் குளத்தையும் ஒரே சமயத்துல எண்ணணும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லேருந்து வருசா வருசம் ஜனவரியில நடக்கறதும், நம்ம வனத்துறை ஒருங்கிணைந்த கணக்கெடுப்புன்னு ஒரே நாள்ல ஆளுங்களை அனுப்பறதும் இதுக்காகத்தான்.

இப்ப நடந்ததைச் சொல்றேன். ராம்சார் ஆனதுக்கப்புறம் வந்த ஒரு குளிர்காலம். அன்னிக்கு வாத்து கம்மி. நடைப்பயிற்சிக்கு வர்ற ஒரு பெரிய மனுஷர், ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சவர், அட்டையை எட்டிப் பார்த்துட்டுச் சொன்னார், "என்னப்பா இது, உலக அளவுல பேர் வாங்கிருச்சு, போன வருசத்தை விடக் கம்மியா எழுதியிருக்கீங்க? ஊருக்குத்தானே கெட்ட பேரு? சும்மா ஒரு ரவுண்டா போட்டுருங்கப்பா. வாத்து வந்து கேக்கவா போகுது?"

கூட வந்த சின்னப் பசங்க ரெண்டு பேர் சிரிச்சாங்க. கொஞ்சம் சலனமும் தெரிஞ்சுது. பெரியவர் சொல்றது ஊர் மேல இருக்கற பாசத்துல, அதுல சந்தேகமே இல்லை. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணன் எந்திரிச்சுட்டார்.

"ஏனுங்க, சேம்பிள்ல ஒரு கலரு, ஷிப்மென்ட்ல ஒரு கலரு குடுத்தா பையர் எடுப்பானுங்களா?"

"அது வேறப்பா, இது வேற."

"ஒண்ணுதானுங். இன்னிக்கு நாம ஏத்திப் போட்டமுன்னு வெய்ங்க. நாளைக்கு நெசமாவே குறையறப்ப நம்ம பேச்சை எவன் நம்புவான்? ஆத்துக்குத்தான் யாரும் எழுதி வெக்கல. குளத்துக்காவது இருக்கறதை இருக்கற மாதிரி எழுதி வெப்போமுங்."

பெரியவர் ஒண்ணும் சொல்லலை. கோவமான்னு தெரியலை, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடந்து போயிட்டார். அண்ணன் உக்காந்து, நடுங்கற கையோட (பனியா, படபடப்பான்னு கேக்கலை) அடுத்த வரியை எழுதினார். அந்த வருசம் எங்க அட்டையில ஒரு இனத்துக்கு நேரா வட்டமா ஒரு சைபர் இருக்கு. தேடினோம், இல்லைன்னு அர்த்தம். எழுதாம விடறதும் சைபர் எழுதறதும் ஒண்ணு இல்லை. விட்டா யாரும் பார்க்கலைன்னு ஆயிரும். சைபர் போட்டா பார்த்தோம், காணோம்னு சாட்சி.

கீழ ஆலாவுக்கு நேரா ஒரு எண் எழுதினார். எழுதிட்டு என்கிட்ட கேட்டார், "இது கடல்காரன்னு சொன்னீங்களே தம்பி, இங்க எதுக்குங்க வருது?"

சதுப்பும் ஏரியும்தாங்ணா இதுக்குப் பிடிச்ச இடம், சொந்தக்காரங்கதான் கடல்லன்னு சொன்னேன். "நம்மளாட்டந்தான், பொழைக்கற எடத்துக்கு வந்துருக்குது"ன்னார்.

சரி, இதையெல்லாம் எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னா, உங்க ஊர்லயும் ஒரு குளமோ, ஏரியோ, குட்டையோ கண்டிப்பா இருக்கும். 2015லேருந்து பொங்கல் லீவு நாலு நாளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு நடக்குது. பதினஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல நின்னு பார்த்ததை எண்ணி ஈபேர்ட்ல ஏத்தினாப் போதும். காக்கா, மைனா, கொக்குன்னு கேவலமா நினைக்காதீங்க. அதையும் எண்ணுங்க. அபூர்வமானதை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. சாதாரணமா இருக்கறது குறையும்போதுதான் யாருக்கும் தெரியாமப் போகுது. வண்டியை ஓரம் கட்டி ஒரு கால் மணி நேரம், அவ்வளவுதான்.

டிஸ்கி: குளத்துக்கு வர்றவங்க பளிச்சுனு சிவப்பு, மஞ்சள் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு வராதீங்க, பறவைக்கு ஆகாது. எங்க கம்பெனி உருப்படிதான்னாலும் சரி. ஒரு மங்கின பச்சையோ காக்கியோ எடுத்துக்கங்க, அதுவும் எங்ககிட்ட இருக்கு :-)